நான்கரை மணி பஸ்ஸில் ஒரு கொலைக்கதை

விடியற்காலை நான்கரை மணிக்கே ஸ்கூடாய் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் சாரைசாரையாகப் பறக்கும். எல்லாம் சிங்கப்பூர் வேலைக்குத்தான். என் தம்பி மகனும் துவாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறான். மழை நாள் என்றால் கம்பெனி பஸ். அன்று கையில் ஒரு நாவல் இருக்கும்.

“என்னடா படிக்கிறே?”

“கொலைக்கதைதான் பெரியப்பா. ஆனா மூவாயிரம் வருசம் கழிச்சு நடக்குது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் புரட்டினேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. ஐசக் அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆப் ஸ்டீல்’. 1953-இல் ‘கேலக்சி’ இதழில் தொடராக வந்து, மறு ஆண்டு நூலானது.

அந்தக் காலத்தில் பூமியில் 800 கோடிப் பேர். (நாம் 2022-லேயே அந்த எண்ணைத் தொட்டுவிட்டோம்!) கூரை போட்ட மாநகரங்களுக்குள் அடைந்து வாழும் அவர்களுக்கு, வெட்டவெளி என்றாலே நடுக்கம். நியூயார்க்கை ஒட்டி, வேற்றுக் கோள்களில் குடியேறிய பணக்கார மனிதர்களின் முகாம். பூமிக்காரன் உள்ளே போக வேண்டுமானால் குளியல், சோதனை எல்லாம் உண்டு. தினமும் குடிநுழைவு வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முகாமில் ஒரு விஞ்ஞானி கொல்லப்படுகிறார். துப்புத் துலக்கப் போகிறவர் எலைஜா பேலி. அவருக்குக் கொடுக்கப்படும் கூட்டாளி டேனில், அசல் மனிதன் மாதிரியே இருக்கும் ரோபோ.

எதிர்காலக் கதையில் துப்பறிதல் எடுபடாது என்று பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பல் சொன்னாராம். ஏதாவதொரு புதுக் கருவியைக் காட்டி முடிச்சை அவிழ்த்துவிடலாமே! அசிமோவ் அந்தக் குறுக்கு வழிக்குப் போகவில்லை. ரோபோ மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பது போன்ற விதிகளை முன்கூட்டியே நம் கையில் கொடுத்துவிடுகிறார். பிறகு பேலியோடு சேர்ந்து நாமும் மூளையைக் கசக்கலாம்.

ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது கொலையல்ல, பேலியின் பயம். ரோபோ முந்திக்கொண்டால் தன் பதவி போய்விடும். அவருடைய அப்பாவும் அப்படிப் பதவி இழந்து நொடித்தவர். காவல் நிலையத்தில் எடுபிடி வேலை செய்த பையனின் இடத்தில் ஏற்கெனவே ஒரு ரோபோ வந்தாயிற்று.

தம்பி மகன் மெதுவாகச் சொன்னான்: “எங்க லைன்ல ஆறு பேர் இருந்தோம் பெரியப்பா. இயந்திரக் கை வந்த பிறகு ரெண்டே பேர்தான்.”

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ விகடனில் தொடராக வந்தபோது, ஜீனோ என்ற இயந்திர நாயைச் செல்லமாக ரசித்தவர்கள் நாங்கள். காணாமல்போன கணவனைத் தேடும் நிலாவுக்கு அது துணை. எங்களுக்கு யந்திரம் என்றால் வேடிக்கை. இவனுக்கு அது பக்கத்து இருக்கை.

சனிக்கிழமைகளில் இயந்திரக் கையை இயக்கும் வகுப்புக்கு இப்போது போகிறான். புத்தகத்தைத் திருப்பி வாங்கும்போது ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

“இன்னும் ரெண்டு அத்தியாயம் இருக்கு. யாரு கொன்னதுன்னு சொல்லிடாதீங்க பெரியப்பா.”