அயலும் நூல்நிலையமும்

நூல்நிலையம் என்றதும் மனத்தில் எழுவன வரிசை வரிசையாக நிற்கும் அலுமாரிகளும், அவற்றிடையே நிலவும் அமைதியுமேயாம். அவ்வமைதி வேண்டற்பாலதே. ஆயினும் அமைதியைக் காப்பது ஒன்றே நூல்நிலையத்தின் கடமை எனின், பூட்டிய பெட்டகத்துக்கும் அதற்கும் வேறுபாடு யாது? சீர்காழியிற் பிறந்து நூலகவியலுக்கு உறுதியான அடித்தளம் இட்ட எஸ். ஆர். இரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிட்டவேண்டும் என்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் கிட்டவேண்டும் என்பது மற்றொன்று. முன்னையதை நல்ல நூற்பட்டியல் கொண்டு ஓரளவு நிறைவேற்றலாம். பின்னையதை நிறைவேற்றுதற்கு, நூல்நிலையத்தின் வாயிலுக்குப் புறத்தே நிற்போரையும் உள்ளே அழைத்தல் வேண்டும். சொற்பொழிவு, கதைநேரம், கண்காட்சி, நாடகம் ஆகியன பொது நூல்நிலையங்களில் இடம்பெறுவதன் காரணம் இதுவே.

இத்தகைய நிகழ்ச்சிகள் நூல்நிலையத்தின் மெய்யான பணிக்குப் புறம்பானவை என்றும், வாசிப்போரின் அமைதியைக் குலைப்பன என்றும் கருதுவோர் உளர். அவர்தம் ஐயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அதனை ஆராய்தற்கு, நியூயோர்க் மாநகரின் ஹார்லெம் பகுதியில் அமைந்த கிளை நூல்நிலையம் ஒன்றின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

இரும்புத்தொழில் அதிபர் அந்திரூ கார்னெகி 1901இல் 52 இலட்சம் டொலரை நியூயோர்க் நகரின் கிளை நூல்நிலையங்களுக்கென வழங்கினார். அக்கொடையால் எழுந்த கட்டடங்களுள் ஒன்று 135ஆம் வீதியில் 1905இல் திறக்கப்பெற்றது. அந்நாளில் அவ்வயலில் வாழ்ந்தோருள் யூதர் பலராவர். அடுத்த பதினைந்து ஆண்டுகளில், தென் மாநிலங்களின் ஒடுக்குமுறையினின்று நீங்கி வந்தோரும், கரீபியன் தீவுகளிலிருந்து வந்தோருமாகிய கறுப்பின மக்கள் ஆங்குப் பெருகிக் குடியேறினர். அயல் மாறிய வேகத்தில் அலுமாரிகள் மாறவில்லை.

1920இல் ஏர்னெஸ்ரீன் றோஸ் என்னும் வெள்ளையினப் பெண்மணி அக்கிளையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கூட்டம் கூட்டுவதற்கு முன்னரே அவர் செய்யத்தொடங்கிய செயல் ஒன்று கருதத்தக்கது. அயலாரை அழைக்கவேண்டுமாயின் அழைப்போருள்ளும் அயலார் இருத்தல் வேண்டும் என அவர் கண்டார். நியூயோர்க் பொது நூலகத்தின் முதல் ஆபிரிக்க அமெரிக்க நூலகரான கதரின் லற்றிமர் 1920இல் ஆங்குப் பணியேற்றார். புவேட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பூரா பெல்பிரே 1921இல் உதவியாளராகச் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே கறுப்பின ஓவியர், சிற்பியர்தம் படைப்புக்கள் நூல்நிலையத்திற் காட்சிக்கு வைக்கப்பட்டன. பெரிய கலைக்கூடங்கள் பலவற்றின் கதவுகள் அக்கலைஞருக்கு அடைபட்டிருந்த காலம் அது. சொற்பொழிவுகளும் கலந்துரையாடல்களும் கவிதை வாசிப்புக்களும் தொடர்ந்து நடந்தன.

கூட்டங்கள் நூல்களைக் கைவிடச் செய்தனவா? விளைவு அதற்கு நேர் மாறாயிற்று. கேட்டோர் வினாவினர்; வினாவியோர் நூல் நாடினர். கறுப்பின மக்களின் வரலாறு பற்றி ஆங்கு இருந்த நூல்களோ சில. அவையும் பலர் கைபட்டுத் தேய்ந்தன. ஆகவே 1924ஆம் ஆண்டின் இறுதியில் அயலாரின் கூட்டம் ஒன்று கூட்டப்பெற்றது. அரிய நூல்களை இரவல் கொடாது, அவ்விடத்திலேயே இருந்து கற்பதற்கெனத் தனிப்பிரிவு அமைத்தல் வேண்டும் என்னும் முயற்சி அதனின்று எழுந்தது. அப்பிரிவு 1925இல் திறக்கப்பெற்றது.

அம்முயற்சியில் ஈடுபட்டோருள் ஒருவர் ஆர்தர் ஷொம்பேர்க். 1874இல் புவேட்டோ ரிக்கோவிற் பிறந்தவர். வங்கியொன்றின் அஞ்சற்பிரிவில் ஊழியம் புரிந்தவர். கறுப்பின மக்களுக்கு வரலாறு இல்லை என இளமையில் ஆசிரியர் ஒருவர் கூறிய சொல்லே அவரை நூல் தேடத் தூண்டியது என்பர். அவர் பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்த திரட்டை 1926இல் கார்னெகி நிதியம் 10,000 டொலருக்கு வாங்கி நூல்நிலையத்துக்கு அளித்தது. அதில் 5,000க்கு மேற்பட்ட நூல்களும், 3,000 கையெழுத்துப் படிகளும், 2,000 செதுக்கோவியங்களும் அடங்கியிருந்தன. செல்வர் பெருநூலகம் ஒன்றை நாடாது அத்திரட்டு ஒரு கிளை நூல்நிலையத்தை அடைந்தமைக்குக் காரணம், அதனைப் பயன்படுத்தும் மக்கள் ஆங்கு முன்னரே கூடியிருந்தமையேயாம்.

நூற்றிரட்டு மேல்மாடியில் வளர, அடித்தளத்தில் அரங்கு வளர்ந்தது. அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸ் தொடக்கிவைத்த நாடகக் குழு 1926இல் அவ்வடித்தளத்தில் நாடகங்களை அரங்கேற்றிற்று. நாடகம் தம் மக்களைப் பற்றியதாய், தம் மக்களால் ஆக்கப்பட்டதாய், தம் மக்களுக்கு உரியதாய், அவர்தம் அயலிலேயே நிகழ்வதாய் இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1940இல் அவ்விடத்திலேயே அமெரிக்க நீக்ரோ அரங்கு என்னும் பிறிதொரு குழு தோன்றியது. பிற்காலத்திற் பெரும்புகழ் ஈட்டிய சிட்னி பொய்ற்றியர், ஹாரி பெலபொன்ரே, ரூபி டீ முதலியோர் அக்குழுவிற் பயின்றவராவர்.

சிறுவர் பகுதியிலும் இவ்வாறான வளர்ச்சி நிகழ்ந்தது. தாம் பாட்டியிடம் கேட்ட புவேட்டோ ரிக்கோக் கதைகள் அலுமாரியில் ஒன்றேனும் இல்லாமையைப் பெல்பிரே கண்டார். நூலிற் காணாததை அவர் நாவினாற் கூறினார். 1929இல் 115ஆம் வீதிக் கிளைக்கு மாற்றப்பெற்றபின், ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கதைநேரங்கள் நடத்தினார். பாவைகளைக் கொண்டு கதைகளை ஆடிக்காட்டினார். அம்மக்கள் கொண்டாடும் மூவரசர் திருநாளை நூல்நிலையத்திலேயே விழாவாக எடுத்தார். ஆங்கிலம் அறியாத காரணத்தால் வாயிலில் தயங்கி நின்ற தாய்மார் பிள்ளைகளுடன் உள்ளே வந்தனர். கரப்பான்பூச்சியும் எலியும் மணம்புரிந்த கதையை அவர் 1932இல் நூலாக வெளியிட்டார். முன்பு வெறுமையாயிருந்த இடத்தில், வாய்மொழிக் கதையே நூலாகி வந்து நின்றது.

இவ்வரலாற்றிற் குறையும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. மண்டபம் திறந்த அளவு விரைவாகப் பதவிகள் திறக்கவில்லை. கறுப்பின நூலகர் பெரும்பாலும் ஹார்லெமிலேயே நிறுத்தப்பட்டனர். உயர்பதவி அவர்க்கு எளிதிற் கிட்டவில்லை. 1923இல் 135ஆம் வீதிக் கிளைக்கு வந்து அதன் நாடக முயற்சிக்கும் துணைநின்ற ரெஜினா அண்டர்சன் பதவி உயர்வு பெறாமை குறித்து, டுபோய்ஸ் நூலக நிருவாகத்தோடு வழக்காட நேர்ந்தது. 1938இலேயே அவர் ஒரு கிளைக்குத் தலைவரானார். நியூயோர்க் பொது நூலகத்தில் அந்நிலையை எய்திய முதல் ஆபிரிக்க அமெரிக்கர் அவரே. அயலாரை அவையோராக அமர்த்துதல் எளிது. பொறுப்பிற் பங்காளராக ஏற்றுக்கொள்ளுதலே அரிது.

இவற்றினின்று பெறப்படும் உண்மைகள் சில. நிகழ்ச்சி நூலுக்குப் பகையன்று; அது நூலுக்கு வாசகரைத் தேடித்தருவது. எனினும் எல்லா நிகழ்ச்சியும் அப்பயனைத் தந்துவிடா. சொற்பொழிவு முடிந்ததும் அப்பொருள் பற்றிய நூல்கள் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். கேட்டோர் வினாவி விடை கிடையாத வினாக்கள் குறித்துவைக்கப்பட்டு, அடுத்து வாங்கும் நூல்களுக்கு வழிகாட்டல் வேண்டும். வாசிப்போரின் அமைதிக்கு வேறோர் இடமும் நேரமும் ஒதுக்கப்படல் வேண்டும்; ஹார்லெமில் அடித்தளம் ஒலித்தது, மேல்மாடி அமைதி காத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எதனைக் கேட்பது, எதனைக் காண்பது என்று முடிவுசெய்யும் குழுவில் அயலாருக்கு இடம் இருத்தல் வேண்டும். இவை இல்லாத நிகழ்ச்சி ஒருநாட் கூட்டமாய்க் கலைந்துபோம்.

135ஆம் வீதித் திரட்டு 1940இல் ஷொம்பேர்க்கின் பெயரைப் பெற்றது. 1972இல் நியூயோர்க் பொது நூலகத்தின் ஆராய்ச்சி நிலையங்களுள் ஒன்றாயிற்று. இன்று ஆங்குள்ள பொருள்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டன. 1921இல் இளைஞராக ஹார்லெமை அடைந்ததும் அக்கிளை நூல்நிலையத்தை நாடிச்சென்றவர் கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ். அவர் 1967இல் மறைந்தார். அவருடைய அஸ்தி 1991இல் ஷொம்பேர்க் நிலையத்தின் முன்கூடத்துத் தளத்தின் கீழ் வைக்கப்பெற்றது. நூல் தேடியும் கூட்டம் நாடியும் வருவோர் இன்றும் அத்தளத்தைக் கடந்தே செல்கின்றனர்.