மேடைச் சொல்லும் திரை நோக்கும்: ‘வேலைக்காரி’யின் வடிவமாற்றம்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை (1909–1969) இயற்றிய ‘வேலைக்காரி’ நாடகம், ஏ. எஸ். ஏ. சாமியின் இயக்கத்தில் ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பாக 1949இல் திரைவடிவம் பெற்றது. நெடிய உரையாடல்கள் மிகுந்த இதனைப் ‘படமாக்கப்பட்ட நாடகம்’ எனக் கொள்வது பொருந்துமா என்பது ஆராய்தற்குரியது.

திரைப்படத்தின் உரையாடலையும் அண்ணாதுரையே எழுதினார்; மேடையில் ஆனந்தனாக நடித்த கே. ஆர். ராமசாமியே திரையிலும் அப்பாத்திரத்தை ஏற்றார். எனவே சொல்லும் குரலும் பெரிதும் மேடையின் வழிவந்தவை. இயக்குநருக்கு உரியதாக எஞ்சியது பார்வையாளரின் நோக்கை நெறிப்படுத்தும் பணியாகும்.

கடன்கொடுமையால் தந்தையை இழந்த ஆனந்தன் காளியின்முன் வெகுண்டு வினவும் காட்சி இதற்குத் தக்க சான்று. மேடையில் அவையோர் தத்தம் இருக்கையிலிருந்து நடிகரையும் சிலையையும் ஒருங்கே காண்பர். அவர்தம் கவனத்தை நடிகரின் குரலே ஈர்க்கும். திரையிலோ எதனை, எவ்வளவு அண்மையில், எத்துணை நேரம் காட்டுவது என்பதை இயக்குநரே வரையறுக்கிறார். அதனால், மறுமொழி கூறாத சிலையின் மௌனமும் உரையாடலில் ஒரு தரப்பாக இடம்பெற வாய்ப்பு உண்டாகிறது.

ஆகவே, தழுவலை மதிப்பிடுங்கால் நீக்கப்பட்ட சொற்களை மட்டும் எண்ணுதல் போதாது. நிலைநிறுத்தப்பட்ட சொல்லுக்குத் திரை அளிக்கும் புதிய சூழலையும் கருதுதல் வேண்டும்.