தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீரா?

விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி, மூன்று மாதப் பேரனுடன் வந்திருந்தார். "கிணத்துத் தண்ணிய நல்லா கொதிக்க வச்சுத்தான் பால் பவுடர் கலக்குறோம் டாக்டர். தண்ணியும் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார்.

"கிணறு எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

"வயலுக்கும் எருக்குழிக்கும் நடுவுல."

வம்பே அங்கேதான்!

பயிர் எடுத்தது போக மிஞ்சும் யூரியா, எருக்குழி, கக்கூஸ் குழிக் கசிவு... இவையெல்லாம் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, மழைநீரோடு கிணற்றில் இறங்கும். அதற்கு நிறம், மணம், ருசி எதுவுமில்லை. பெரியவர்கள் ஓரளவு தாங்குவார்கள். ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியையே அது கெடுத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். 1945-ல் அமெரிக்காவின் அயோவாவில், பண்ணைக் கிணற்று நீரில் பால் கலக்கிக் கொடுத்த குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார் ஹன்டர் காம்லி என்ற டாக்டர். நம் நாட்டுக் குடிநீர்த் தரப்படி, லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்தான் உச்ச வரம்பு.

காய்ச்சினால் போய்விடாதா? போகாது. கிருமிகள் சாகும், ஆனால் தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, நைட்ரேட்டின் அடர்த்தி கூடும். நாங்கள் சொல்லும் தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்தால் கலங்கல் அடியில் படியும். அவ்வளவுதான். எங்கள் ஊர் பீங்கானுக்குப் பேர்போனது. இருந்தாலும் உள்ளதைச் சொல்லணும்: பீங்கான் கேண்டில் ஃபில்டர் தூசியையும் பெரும்பாலான பாக்டீரியாவையும் தடுக்கும், தண்ணீரில் கரைந்த நைட்ரேட்டைத் தடுக்காது. ஆர்.ஓ. கருவி அதைப் பெருமளவு குறைக்கும், உள்ளிருக்கும் சவ்வை உரிய காலத்தில் மாற்றினால்!

நீங்கள் செய்ய வேண்டியவை:

* குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

* எருக்குழி, கழிவுக்குழி இரண்டையும் கிணற்றைவிட்டுத் தள்ளி அமையுங்கள்.

* முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். தாய் குடிக்கும் நீரிலுள்ள நைட்ரேட் பாலில் அதிகம் இறங்குவதில்லை.

* புட்டிப்பால் தவிர்க்க முடியாவிட்டால், சோதித்த நல்ல நீரைக் காய்ச்சிக் கலக்குங்கள்.

* குழந்தையின் உதடு நீலமானால் கைவைத்தியம் வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

நல்லவேளை, அந்தப் பேரன் நலமாகவே இருந்தான். கிணற்று நீரில் பால் கலக்குவதை அன்றே நிறுத்தச் சொன்னேன். பாட்டி, ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.