வலி பொய்யல்ல!

சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டி. பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் வட்டாரம். தரையில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்டுவதும், திரி வைப்பதும், பெட்டியில் அடுக்குவதுமாகக் கை ஓயாத பெண்கள் அங்கே ஏராளம்.

அந்த ஊரில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை. ஆலைக்கு விடுமுறை, ஆனால் அவள் வலிக்கு விடுமுறை இல்லை. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, தொடை என்று எங்கே தொட்டாலும் வலி. இரவெல்லாம் படுத்திருந்தும் தூங்கின மாதிரி இல்லை. எதை எடுக்க உள்ளே வந்தோம் என்பதே மறந்துபோய் நிற்கிறாள்.

"ரத்தமும் பார்த்தாச்சு, படமும் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லேன்னுதானே டாக்டர் சொன்னாரு?" என்கிறாள் மாமியார்.

"எனக்கு மட்டும் வேண்டுதலா, அத்தை?" என்று கண் கலங்குகிறாள் மருமகள்.

உழைத்த அலுப்பு ஓய்வெடுத்தால் தீரும். ஓய்வெடுத்தும் தீராமல், உடம்பெங்கும் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இத்தகைய வலிக்கு 'ஃபைப்ரோமயால்ஜியா' என்று ஒரு பெயர் உண்டு. யாருக்கும் வரலாம், பெண்களுக்கே அதிகம் வருகிறது.

1904-ல் லண்டன் டாக்டர் வில்லியம் கவர்ஸ் இதைத் தசைநார்களின் அழற்சி என்று எண்ணினார். பிறகு தேடிப் பார்த்தபோது அங்கே அழற்சி இல்லை. பின், வலி எங்கிருந்து வருகிறது?

ரேடியோவில் பாட்டு மெதுவாகத்தான் வருகிறது. யாரோ குமிழை முழுதும் திருகிவிட்டால் காது கிழிகிறதல்லவா? அப்படித்தான் இதுவும். மூளையும் நரம்புகளும் வலியின் ஒலியைக் கூட்டிவிடுகின்றன. குமிழ் எங்கே என்பது எக்ஸ்ரேயில் தெரியாது. தெரியாததனாலேயே வலி பொய்யாகிவிடுமா?

தைராய்டு குறைவு, ரத்தசோகை, முடக்குவாதம் முதலியவையும் இதே போல் வருத்தும். ஆகவே டாக்டரிடம் காட்டி அவை இல்லை என்று தெரிந்து கொள்வது அவசியம். மூட்டு வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் தாமதிக்கவே கூடாது.

'ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும்' என்று கேட்டு வாங்குவது நம்மிடையே உள்ள பழக்கம். இந்த வலிக்கு ஸ்டீராய்டு உதவாது. சாதாரண வலி மாத்திரையும் பெரிதாகப் பலன் தராது. நாள்தோறும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும்தான் கெடும். அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெட்டின், ப்ரீகாபலின் போன்ற மருந்துகளை டாக்டர் தரலாம். "மனக் கோளாறுக்குக் கொடுக்கிற மாத்திரையாமே!" என்று பதற வேண்டாம். சிறிய அளவில் தூக்கத்தைச் சீராக்கவும் வலியின் குமிழைத் தணிக்கவுமே தருகிறார்கள்.

மாத்திரையைவிட மேலான மருந்து ஒன்று உண்டு. ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் 2016-ல் பல சிகிச்சைகளையும் சீர்தூக்கிப் பார்த்து, உறுதியாகப் பரிந்துரைத்தது ஒன்றைத்தான்: தேகப் பயிற்சி! வலிக்கிற உடம்பை அசைப்பதா என்று தோன்றும். முதல் வாரம் ஐந்து நிமிஷ நடை போதும். பழகப் பழக இரண்டிரண்டு நிமிஷமாகக் கூட்டி, அரை மணிக்குக் கொண்டு வரலாம். யோகாசனமும் நல்லதே.

இன்னொன்று, சகோதரிகளே: வலி குறைந்த நாளில் வீடு முழுவதையும் கழுவித் தள்ளாதீர்கள். மறுநாள் வட்டியும் முதலுமாகக் கட்ட வேண்டியிருக்கும். வேலையைப் பங்கு போடுங்கள்; நடுவே எழுந்து உடம்பை நீட்டுங்கள். மாலைக்குப் பின் காபி, டீ வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். வெந்நீர்க் குளியல் இதம் தரும்.

விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. விசாரித்துப் பயன் பெறலாம்.

இந்த வலி ஒரேயடியாக மறையும் என்று வாக்குக் கொடுப்பதற்கில்லை. ஆனால் வலியைக் குறைத்து, சமையலும் சிரிப்புமாக வாழ முடியும். அதற்கு வீட்டார் தரவேண்டிய முதல் மருந்து, நம்பிக்கை. அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

"கொடத்தைக் கீழே வையி, தாயி. அவன் தூக்கிட்டு வரட்டும். வா, ரெண்டு பேரும் கோயில் வரைக்கும் மெதுவா நடந்துட்டு வருவோம்" என்று அந்த மாமியார் ஒரு நாள் சொல்லிவிட்டால், பாதி வைத்தியம் முடிந்த மாதிரிதான்!