தக்காளிக்காய்: கடைசிப் பறிப்பின் கணக்கு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களுக்குத் தக்காளி முதன்மைப் பயிர் அன்று. கடைத்தெருவில் விற்கும் பழத்தில் பெரும்பகுதி கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்தும் கர்நாடகத்தின் கோலாரிலிருந்தும் லாரியில் வருவதே. ஆயினும் நெல், கரும்பு, தர்பூசணி, இப்பகுதியில் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலை ஆகியவற்றுக்கு இடையே, கிணற்றுப் பாசனமுள்ள துண்டு நிலங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் மாடித் தொட்டிகளிலும் தக்காளி பயிராகத்தான் செய்கிறது. போகம் முடிந்து அந்தச் செடிகளைப் பிடுங்கும் நாளில், பழுக்காத காய்கள் அவற்றில் கொத்துக்கொத்தாக எஞ்சி நிற்கின்றன. பெரும்பாலும் அவை செடியோடு சேர்ந்தே வரப்பில் எறியப்படுகின்றன அல்லது மாட்டின் முன் போடப்படுகின்றன. முன்னது வீண், பின்னது, கீழே காணப்போகும் காரணத்தால், தவறும்கூட.

குளிர்நாடுகளில் தக்காளிச் செடியின் ஆயுளை முடிப்பது உறைபனி. அது விழுவதற்கு முன் காய்களைப் பறித்தாக வேண்டும் என்பதால், இங்கிலாந்தில் பச்சைத் தக்காளிச் சட்னியும் (இங்கிருந்து போன சட்னிதான், வினிகரும் சர்க்கரையும் கலந்து ஆள் அடையாளம் மாறிவிட்டது), அமெரிக்காவில் சோள மாவில் புரட்டிப் பொரித்த வில்லைகளும் நிலைபெற்றன. விழுப்புரத்தில் அந்த வேலையைச் செய்வன வெயிலும் மழையும். கார்த்திகை, மார்கழியில் தொடங்கிய பயிர் பங்குனி கடக்கும்போது, பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்கு மேலேயே நிற்பதால் மகரந்தம் செயலிழந்து பூக்கள் கொட்டிவிட, முன்னமே பிடித்த பிஞ்சும் காயும் மட்டும் செடியில் மிஞ்சுகின்றன. அதே சமயத்தில் சந்தை விலையும் சரிந்திருந்தால் பறிப்புக்கூலிகூடத் தேறாது என்று கணக்கிட்டுத் தோட்டத்தை அப்படியே விட்டுவிடுவோர் பலர்.

ஆடியில் தொடங்கிய பயிரின் கதி வடகிழக்குப் பருவமழையின் கையில் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. தக்காளியின் வேர் தேங்கிய நீரைத் தாங்காது. மண்ணிலுள்ள காற்று வெளியேறியதும் வேர் மூச்சுத்திணறிச் செடி வாடிவிடும். புயல் எச்சரிக்கை வந்ததும் முற்றிய காய்களைப் பறித்து உள்ளே கொண்டுவந்துவிடுவதே அறிவுடைமை. வெள்ளநீரில் மூழ்கிய காய்களை, வெளித்தோற்றத்தில் குறையில்லாவிட்டாலும், சமையலுக்கு எடுக்கலாகாது.

பறித்த காய்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. மாதிரிக்கு ஒன்றைக் குறுக்கே அரிந்து பார்த்தால் வேறுபாடு புலப்படும்: விதைகளைச் சுற்றி வழவழப்பான கூழ் நிறைந்திருந்து, கத்தி படும்போது விதை வெட்டுப்படாமல் நழுவினால் அது முற்றிய காய், உள்ளே கெட்டியாக இருந்து விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அது இளங்காய். முற்றிய காய், செடியிலிருந்து பிரிந்த பின்னும், தானே வெளியிடும் எத்திலீன் என்னும் வாயுவின் தூண்டுதலால் பழுக்கும். இளங்காயைப் பழுக்க வைக்க முயல்வதில் பயனில்லை. அது சுருங்கும், அல்லது அழுகும். நிறம் மாறுவது காம்புக்கு எதிர்ப்புறமான அடிப்பகுதியில் தொடங்குமாதலால், அங்கே வெளிறியோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் செங்காய்களை முதலில் பிரித்துவிட வேண்டும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 போன்ற இரகங்களில் காம்பைச் சுற்றிய தோள்பகுதி இயல்பாகவே பச்சையாக இருப்பதால், மேற்புறத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்வது ஏமாற்றும்.

முற்றிய காய்களைக் கூடையில் வைக்கோலோ தாளோ பரப்பி, ஒன்றன்மேல் ஒன்று அழுந்தாமல் அடுக்கி, நடுவே ஒரு பழுத்த வாழைப்பழத்தை வைத்து மூடினால், அப்பழத்தின் எத்திலீனும் சேர்ந்து வேலையை விரைவுபடுத்தும். ஆனால் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது, பழத்துக்குச் சிவப்பைத் தரும் லைக்கோபீன் என்னும் நிறமி சரிவர உருவாகாது. சித்திரை மாதத்து விழுப்புரத்தில், வீட்டின் ஆகக் குளிர்ந்த மூலையில் வைத்தாலும் பழம் மஞ்சள் கலந்த செம்மையோடு நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். இதற்கு அஞ்சிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பழுக்கும் செயலே நின்று, தோலில் குழிகள் விழுந்து, காய் கெடும். கால்சியம் கார்பைடு கல் போட்டுப் பழுக்க வைப்பது நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடைசெய்யப்பட்டது.

பழுக்காத தக்காளி நஞ்சு என்ற அச்சத்துக்கு ஓரளவு அடிப்படை உண்டு. தக்காளிச் செடி தன்னைக் காத்துக்கொள்ள டொமாட்டின் என்னும் கசப்பான சேர்மத்தை இலையிலும் தண்டிலும் காயிலும் சேர்த்து வைக்கிறது; இளங்காயில் மிகுந்திருக்கும் இது, பழுக்கப் பழுக்கச் சிதைந்து மிகச் சிறிய அளவாகிவிடுகிறது. வேகவைப்பதால் இது பெரிதும் குறைவதில்லை என்றாலும், குடலில் கொலஸ்டிராலோடு பிணைந்து பெருமளவு வெளியேறிவிடுவதால், முற்றிய காயைக் கறிக்கு ஆகும் அளவில் உண்பதால் கேடில்லை. கோலிக்குண்டு அளவுள்ள கசப்புப் பிஞ்சுகளை விலக்கிவிட வேண்டும். இலையையும் தண்டையும் மனிதர் உண்ணலாகாது, மாட்டுக்கும் அள்ளிப் போடலாகாது. அவை எருக்குழிக்கு உரியவை.

சமையலில், தக்காளிக்காயைப் பழத்தின் இடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பிழை. புளிப்பாலும் கெட்டித்தன்மையாலும் அது மாங்காய்க்கும் சுரைக்காய்க்கும் இடைப்பட்ட ஒரு தனிக் காய். பாசிப்பருப்புக் கூட்டில் சேர்க்கும்போது பருப்பு மலர்ந்த பிறகே காயைப் போட வேண்டும். முன்னதாகப் போட்டால் அதன் அமிலம் பருப்பை வேகவிடாது. சாம்பாரிலும் கருவாட்டுக் குழம்பிலும் இதைச் சேர்த்தால் புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் இவ்வட்டாரத்துக்கு மிகப் பொருந்துவது துவையலே. திண்டிவனத்தில் எண்ணெய் வித்துகளுக்கான ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அதன் பெயரைச் சுமக்கும் டி.எம்.வி. நிலக்கடலை இரகங்களுள் டி.எம்.வி. 2 என்பது 1940இல் வெளியானது. அந்த மண்ணின் மல்லாட்டையைத் தோல் வெடிக்க வறுத்து எடுத்து வைத்துவிட்டு, நல்லெண்ணெயில் காய்ந்த மிளகாயும் பூண்டும் வதக்கியபின், நறுக்கிய காயைப் போட்டு மூடாமல் கிளற வேண்டும். முதலில் நீர் விடும். பிறகு அந்த நீர் சுண்டி ஓரத்தில் எண்ணெய் பிரியும்போது, பளிச்சென்ற பச்சை மங்கிப் பழுப்புப் பச்சையாகும். இது கருகலன்று, காயின் அமிலம் இலைப்பச்சையத்தைச் சிதைப்பதன் அடையாளம். அந்தப் பதத்தில் இறக்கி, உப்பும் கடலையும் கூட்டி, அம்மியில் கொரகொரப்பாக அரைத்தால் கம்பங்கூழுக்கும் இட்லிக்கும் ஒருசேரப் பொருந்தும். கடலையை மட்டும் கடைசியில் சேர்க்க வேண்டும்; முதலிலேயே போட்டால் துவையல் பசையாகிவிடும்.

கூடை நிறையக் காய் இருப்பவருக்கு ஊறுகாய் கைகொடுக்கும். துண்டுகளை மரக்காணத்து உப்பில் ஓரிரவு ஊறவைத்து, வடித்த நீரைத் தனியே வைத்து, பங்குனி வெயிலில் இரண்டு மூன்று நாள் சுருங்கக் காயவைத்து, கொதிக்கவைத்து ஆற்றிய அந்நீரையும் மிளகாய்த்தூள், வெந்தயப்பொடியையும் காய்ந்த துண்டுகளோடு சேர்த்துப் பிசறி, மேலே நிற்கும் அளவுக்குக் காய்ச்சிய நல்லெண்ணெய் ஊற்றிவிட்டால் நெடுநாள் இருக்கும். செடியை வாடச் செய்யும் வெயிலே ஊறுகாய்க்குத் துணையாவது இப்பருவத்தின் வசதி.

விளைவிப்போருக்கு ஒரு வார்த்தை: கடைசிப் பறிப்பைப் பழத்தோடு கலந்து கொண்டுபோனால் தரம் குறைந்த பழம் என்று விலை அடிபடும். காயைத் தனியாகப் பிரித்து, தக்காளிக்காய் என்றே பெயர் சொல்லி, உழவர் சந்தையில் கத்திரிக்காய்க்குப் பக்கத்தில் குவித்து விற்றுப் பாருங்கள்.