காயைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் ஏன் திட்டுகிறது?

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் பெரியவர்கள் தமிழில் டைப் செய்து பார்ப்பார்கள்; பிள்ளைகள் கேம்ஸ் தேடுவார்கள். விருத்தாசலம் அருகே நல்லூரில் உள்ள என் அக்கா வீட்டிலும் இதுதான் நடந்தது. அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. செஸ்ஸில் காயைக் கொடுத்துத் தாக்குவது என்றால் அவனுக்கு அலாதிப் பிரியம். பள்ளிப் போட்டி ஒன்றில் குதிரையைக் கொடுத்து ஜெயித்த ஆட்டத்தை, வீட்டிற்கு வந்ததும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறான். அந்த நகர்வுக்குப் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் இரண்டு கேள்விக்குறிகள்! 'மிகப் பெரிய தவறு' என்று அதற்கு அர்த்தம்.

அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது, ஒரு சிப்பாயைக் கூட விட்டுக் கொடுக்காமல் ஆடிக் கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லுது மாமா" என்றான்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது பதில் சொன்ன கேள்வி வேறு. போட்டியில் உட்கார்ந்திருந்தபோது அவன் தனக்குள் கேட்டுக் கொண்ட கேள்வி வேறு. இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் செஸ் சாப்ட்வேரைச் சரியாகப் பயன்படுத்த முடியும். அதனை இங்கு பார்ப்போம்.

இன்ஜின் எப்படி மார்க் போடுகிறது?

செஸ் ஆடும் புரோகிராமை இன்ஜின் என்று அழைக்கிறோம். அதற்கு இரண்டு வேலைகள். ஒன்று, 'நான் இப்படி ஆடினால், அவர் அப்படி ஆடினால்' என்று நகர்வுகளை வரிசையாகத் தேடிக் கொண்டே போவது. இரண்டு, தேடல் நிற்கும் இடத்தில் போர்டைப் பார்த்து ஓர் எண் கொடுப்பது. பிளஸ் என்றால் வெள்ளைக்குச் சாதகம். மைனஸ் என்றால் கறுப்புக்குச் சாதகம். 1.00 என்பது ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு லாபம்.

பழைய இன்ஜின்கள் இந்த எண்ணைப் பெரும்பாலும் காய்களின் மதிப்பைக் கூட்டித்தான் போட்டன. சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, யானை 5, ராணி 9. ராஜாவின் பாதுகாப்பு, சிப்பாய்களின் அமைப்பு போன்றவற்றிற்குக் கொஞ்சம் கூட்டிக் கழிப்பார்கள். எனவே ஒரு குதிரையைக் கொடுத்தவுடன் கணக்கில் மைனஸ் 3 விழுந்துவிடும். கொடுத்ததற்கான பலன் தேடல் எல்லைக்குள் வந்தால் எண் மாறும். எல்லைக்கு அப்பால் இருந்தால் இன்ஜினைப் பொறுத்தவரை அந்தப் பலன் இல்லவே இல்லை.

கடலூர் சில்வர் பீச்சில் நின்று பார்த்தால், அடிவானத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கப்பல் கண்ணுக்குத் தெரியாது அல்லவா? அதுபோலத்தான். அமெரிக்க விஞ்ஞானியும் செஸ் வீரருமான ஹான்ஸ் பெர்லினர் 1970களில் இந்தக் குறைக்கு 'அடிவான விளைவு' என்றே பெயர் வைத்தார்.

30க்கு 28

காய்களின் எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நம் சென்னைக்காரர் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிய ஓர் ஆட்டமே போதும். 2013ஆம் ஆண்டு ஜனவரியில், நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஸீ நகரில், ஆர்மீனியாவின் லெவோன் ஆரோனியனுக்கு எதிராக அவர் கறுப்புக் காய்களுடன் ஆடினார். 15ஆவது நகர்வில் பிஷப்பை சி5 கட்டத்தில் வைத்து, 'வேண்டுமானால் வெட்டிக்கொள்' என்றார். ஆரோனியன் வெட்டவில்லை. அடுத்த நகர்விலேயே ஒரு குதிரையை இ5 கட்டத்திற்குக் கொண்டு வந்தார் ஆனந்த். அதனைச் சிப்பாயாலேயே வெட்டலாம்!

வெட்டியிருந்தால்? ராணி டி4 சிப்பாயை வெட்டிச் செக் கொடுக்கும். ராஜா மூலைக்கு ஓடும். உடனே ராணி ஜி1 கட்டத்தில் போய் உட்கார்ந்து, தன்னையே கொடுக்கும். யானை அதனை வெட்டியே ஆக வேண்டும். இப்போது ராஜா தன் காய்களுக்கு நடுவிலேயே அடைபட்டுக் கிடக்கும். குதிரை எஃப்2 கட்டத்தில் குதித்தால் மேட்!

ஆரோனியன் இதில் சிக்கவில்லை. வேறு வழியில் போய் ஒரு யானையையும் வெட்டினார். அப்படியும் ஆனந்தின் 23ஆவது நகர்வுக்குப் பிறகு தோல்வியை ஒப்புக் கொண்டார். அந்த நேரத்தில் போர்டில் இருந்த காய்களைக் கூட்டினால் ஆரோனியனுக்கு 30, ஆனந்துக்கு 28. கூடுதல் மதிப்பு வைத்திருந்தவர்தான் தோற்றார்!

நீங்களே செய்து பாருங்கள்

இதனை உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதிக்கலாம். ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின் இலவசமாகவே கிடைக்கிறது. தனியாக இன்ஸ்டால் செய்யத் தயக்கமாக இருந்தால், லிசெஸ் என்ற இலவசத் தளத்திற்குச் சென்று பிரவுசரிலேயே இயக்கலாம்.

1. தளத்தின் டூல்ஸ் மெனுவில் போர்டு எடிட்டரைத் திறந்து, போர்டைக் காலி செய்து கொள்ளுங்கள்.

2. வெள்ளைக் காய்களை வையுங்கள்: ராஜா எச்1, ராணி டி3, யானைகள் ஏ1, எஃப்1, பிஷப் சி1, குதிரை சி3, சிப்பாய்கள் ஏ3, பி2, எஃப்4, ஜி2, எச்3.

3. கறுப்புக் காய்களை வையுங்கள்: ராஜா ஜி8, ராணி எச்5, யானை சி8, பிஷப்கள் பி7, இ3, குதிரை ஜி4, சிப்பாய்கள் ஏ7, பி5, இ6, எஃப்5, ஜி7.

4. 'வெள்ளை ஆட வேண்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அனாலிசிஸ் போர்டுக்குச் சென்று இன்ஜினை ஆன் செய்யுங்கள்.

மைனஸில் பெரிய எண் வரும். காரணத்தைப் போர்டிலேயே பார்க்கலாம். பி7 பிஷப்பின் பார்வை நேராக மூலையில் உள்ள ராஜா வரை போகிறது. அதனால் நடுவில் உள்ள ஜி2 சிப்பாய் அசைய முடியாது. எச்3 சிப்பாயைக் காத்து வந்த வெள்ளை ராணியின் பாதையை இ3 பிஷப் அடைத்துவிட்டது. அடுத்து கறுப்பு ராணி எச்3 சிப்பாயை வெட்டினால் மேட். அந்த பிஷப்பை வெட்டினாலும் ராஜா பிழைக்காது.

இந்த வரிசையின் பெரும்பகுதி, 2012ல் கெல்ஃபாண்டுக்கு எதிரான உலகச் சாம்பியன் போட்டிக்காக ஆனந்த் தயாரித்து வைத்திருந்தது. வீட்டில் இன்ஜினின் துணை இருந்திருக்கும். ஆனால் போட்டி அரங்கில் எதிரே இருப்பவரிடம் கம்ப்யூட்டர் கிடையாது. கடிகாரம் ஓட ஓட, அத்தனை வலைகளையும் அவர் தன் மூளையாலேயே கண்டுபிடிக்க வேண்டும்.

டீப் ப்ளூ கொடுத்த குதிரை

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று. 1997 மே 11 அன்று, நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் ப்ளூவும் உலகச் சாம்பியன் காஸ்பரோவும் கடைசி ஆட்டத்தில் மோதினர். நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசும் மிஷின் அது. எட்டாவது நகர்வில் டீப் ப்ளூ இ6 கட்டத்தில் ஒரு குதிரையைத் தியாகம் செய்தது. 19 நகர்வுகளில் காஸ்பரோவ் தோற்றார். டீப் ப்ளூ 3.5 - 2.5 என்ற கணக்கில் போட்டியை வென்றது.

மிஷினுக்குத் தியாகம் செய்யும் துணிச்சல் வந்துவிட்டதா? இல்லை. அந்த நகர்வை அது கணக்கிட்டுக் கண்டுபிடிக்கவில்லை. ஆரம்ப நகர்வுகளுக்கென மனிதர்கள் அதற்குள் பதிந்து வைத்திருந்த 'புத்தகத்தில்' இருந்து எடுத்து ஆடியது. மிஷினின் மிகப் புகழ்பெற்ற தியாகம், உண்மையில் மனிதர் எழுதிக் கொடுத்தது!

இரண்டு கேள்விகள்

இன்ஜின் எப்போதும் கேட்பது இதுதான்: 'எதிராளி மிகச் சரியான பதிலை ஆடினாலும் இந்த நகர்வு நிற்குமா?' எதிராளிக்குப் பயம் வருமா, நேரம் போதுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எல்லா எதிராளியும் அதற்குத் தன்னைப் போன்றவரே.

மனிதர் கேட்பது: 'என் எதிரே இருப்பவர் அந்தச் சரியான பதிலைக் கண்டுபிடிப்பாரா?'

1999 ஜனவரியில், அதே வெய்க் ஆன் ஸீ நகரில், டோபலோவுக்கு எதிராகக் காஸ்பரோவ் 24ஆவது நகர்வில் ஒரு யானையைக் கொடுத்தார். டோபலோவ் அதனை வெட்டினார். அவருடைய ராஜா வெள்ளையின் முதல் வரிசை வரை துரத்தப்பட்டது. செஸ் வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று எனப் போற்றப்படுவது இது. ஆனால், யானையை வெட்டாமல் ராஜாவை பி6 கட்டத்திற்கு நகர்த்தியிருந்தால் டோபலோவ் தாக்குப் பிடித்திருக்கலாம் என்று பின்னர் செய்த அலசல்களில் தெரிய வந்தது. உலகின் முன்னணி வீரர் ஒருவரே போர்டில் அந்தப் பதிலை ஆடவில்லை என்பதையும் சேர்த்துத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இன்றைய இன்ஜின்கள் மாறிவிட்டனவா?

மாறிவிட்டன. 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் ஆல்ஃபாஜீரோ புரோகிராமின் முடிவுகளை வெளியிட்டது. ஆட்ட விதிகளை மட்டும் வைத்துக் கொண்டு, தன்னுடனேயே ஆடி ஆடிக் கற்றுக் கொண்ட புரோகிராம் இது. ஸ்டாக்ஃபிஷுடன் 100 ஆட்டங்கள் ஆடி 28ல் வென்றது. மீதி 72 டிரா. உடனடி லாபம் எதுவும் இல்லாமலேயே காயைக் கொடுத்து, எதிராளியின் காய்களை நகர விடாமல் முடக்கி வைத்த அதன் ஆட்டங்களைப் பார்த்து கிராண்ட்மாஸ்டர்களே வியந்தனர். 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12லும் நியூரல் நெட்வொர்க் முறை சேர்க்கப்பட்டது. காய்களைக் கூட்டுவதோடு நிற்காமல், நிலையின் தன்மையையும் இவை நன்றாக எடை போடுகின்றன.

எனவே இன்றைய இன்ஜின் ஒரு தியாகத்தைத் தவறு என்று சொன்னால், அதற்கு எங்கோ ஒரு சரியான பதில் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனாலும் அது கேட்கும் கேள்வி அதே பழைய கேள்விதான்.

வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது?

2024 டிசம்பரில், 18 வயதில் உலகச் சாம்பியனான சென்னையின் குகேஷை, கிட்டத்தட்ட 2,500 ரேட்டிங் வரும் வரை இன்ஜின் பக்கம் போக விடாமல் பழக்கினார் அவருடைய அன்றைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா. முதலில் சொந்தமாகக் கணக்குப் போடும் பழக்கம் வர வேண்டும் என்பதுதான் நோக்கம். எல்லோரும் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. கீழ்க்கண்டபடி செய்தாலே போதும்.

முதலில், இன்ஜினை ஆஃப் செய்து வைத்து ஆட்டத்தை ஒருமுறை பாருங்கள். காயை ஏன் கொடுத்தீர்கள் என்பதை நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்து, இன்ஜினை ஆன் செய்யுங்கள். எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அது காட்டும் பதில் நகர்வைப் பாருங்கள். செட்டிங்கில் மூன்று வரிசைகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே ஒரு பதில் மட்டும்தான் உங்கள் தியாகத்தை முறியடிக்கிறது என்றால், எதிராளிக்குக் கடினமான சோதனை வைத்திருக்கிறீர்கள். மூன்றுமே முறியடிக்கின்றன என்றால், அது வெறும் அவசரம்.

கடைசியாக, அந்தப் பதிலை மனதில் பதிய வையுங்கள். அடுத்த எதிராளிக்கு அது தெரிந்திருக்கலாம்.

அக்கா மகனுடன் உட்கார்ந்து அந்தப் பள்ளி ஆட்டத்தை இப்படித்தான் மறுபடி பார்த்தோம். குதிரைத் தியாகத்தை முறியடித்தது ஒரே ஒரு நகர்வு. ராஜாவைச் சத்தமில்லாமல் ஒரு கட்டம் தள்ளி வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் நான்கு நகர்வுகள் பிசகாமல் ஆட வேண்டும். எதிரே ஆடிய பையனிடம் மீதி இருந்ததோ இரண்டு நிமிடத்திற்கும் குறைவான நேரம்.

"இதை அவன் கண்டுபிடிச்சிருப்பானா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக் கொண்டிருந்தான். "மாட்டான் மாமா. ஆனா அடுத்த ரவுண்டுல வந்த அண்ணன் கண்டுபிடிச்சிருப்பாரு" என்றான். பிறகு இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, குதிரையைக் கொடுப்பதற்கு முன் இருந்த நிலையைப் போர்டில் மறுபடி வைத்தான். வேறு எப்படிக் கொடுக்கலாம் என்று தேட ஆரம்பித்துவிட்டான்.