பீன்ஸ் பயிரும் பறிப்புக் கூலியும்

கொடைக்கானல் மலைச்சரிவுகளில் விளையும் பீன்ஸ், குறுகிய காலத்தில் பணம் தரும் பயிராகும். குத்துச்செடி வகை, விதைத்த ஐம்பது நாளளவில் காய்ப்புக்கு வரும். கொடி வகைக்கோ கம்பு நட்டுப் படரவிடுதல் வேண்டும்.

ஆதாயம் பறிப்பிலேயே அடங்கியுள்ளது. சில நாட்களுக்கு ஒருமுறை இளங்காய்களைப் பறித்தால் செடி மேலும் பூக்கும். தாமதித்தால் காய் முற்றி விலைபோகாது. பனி ஈரம் உலருமுன் செடிகளைத் தொட்டால் நோய் பரவும்.

இவையாவும் அறிந்து பறிப்பவர்கள் நம் ஏழைச் சகோதரிகள். ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை சரிந்த நாளில், அவர்களது கூலியைத் தள்ளிப்போடும் சோதனை நமக்கு எழுகிறது. விதைக்கும் உரத்திற்கும் பணம் ஒதுக்கும்போதே பறிப்புக் கூலியையும் ஒதுக்கிவைப்போம். கதிரவன் மறையுமுன் கூலி கொடுக்கப் பணித்த மோயீசன் சட்டம், அன்றைய சந்தை விலையைக் கேட்கவில்லை அன்றோ!